மெதுவாகப் போகத் தெரியாத கார்

ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்கள் சேர்ந்து ஒரு மலர் வெளியிடப் போகிறார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் டீமேக்கராக இருந்தவன் என்பதால் என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, புளிக்க வைப்பது, காய வைப்பது என்று தேயிலைத்தூள் ஆகும் வரைக்கும் பதினாறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. மேலே குத்தியிருந்த துண்டில், "ஐயா, நல்லாயிருக்கு. ஆனா இப்ப வேலையில இருக்கிறவங்க எல்லாம் கேக்கிறது உங்க காரப் பத்தித்தான்" என்று எழுதியிருந்தது. கொஞ்சம் மனவருத்தம்தான். பதினாறு பக்கத்தையும் அலமாரியில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் நிவித்திகலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பெக்டரியைக் கூட்டச் சேர்ந்து, சல்லடை, ரோலர், டிரையர் என்று ஒவ்வொன்றாகப் பழகி, பன்னிரண்டு வருடத்தில் டீமேக்கர் ஆனேன். அந்தப் பன்னிரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்வதற்கு நிறையத் தும்மல்தான் இருக்கிறது.

கார் என் கைக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். எங்கள் தோட்டத்துச் சின்னத்துரை ஒரு வெள்ளைக்காரர், மலையேற்றக் கார்ப் போட்டிகளில் பைத்தியம். அவர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது அந்தக் காரை வாங்க யாரும் முன்வரவில்லை. இரண்டு கதவு, நாலு சிலிண்டர், பாசி நிறத்தில் ஒரு சின்ன இங்கிலீஷ் கார். உருவத்தைப் பார்த்தால் பெட்டைக்கோழி மாதிரி இருக்கும். உள்ளே அவர் செய்து வைத்திருந்த வேலைகள் வேறு. ஒரு காபரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. பந்தயத்துக்கென்று வரவழைத்த கேம் தண்டு. தட்டிப் பார்த்தால் கருங்கல் மாதிரி இருக்கும் ஸ்பிரிங்குகள். சாவியையும் ஒரு மரப்பெட்டிச் சாமான்களையும் என்னிடம் தந்துவிட்டுத் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"டீமேக்கர், இது மெல்லப் போகாது. மெல்லப் போனா சாகும்."

பெருமை பேசுகிறார் என்று நினைத்தேன். மனிதர் எச்சரித்திருக்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது.

இரண்டு காபரேட்டர் வைத்த எஞ்சினைச் சரிக்கட்டுவது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கும் இந்தக் காலத்தில் சிரிப்பீர்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய் வேண்டும். எஞ்சின் சூடான பிறகு குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதல் காபரேட்டரின் வாய்க்குள் பிடிக்க வேண்டும். உஸ் என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த காபரேட்டருக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே சுருதியில் சீறும் வரைக்கும் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பிறகு ஓட்டிப் பார்த்து, உடனே அணைத்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். கறுப்பாக இருந்தால் பெற்றோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. புதுச் செப்புக்காசு நிறம் வந்தால் சரி. நல்ல தேயிலையில் சாயம் இறக்கிய பிறகு கோப்பையில் மிஞ்சும் இலையையும் நாங்கள் அதே நிறத்துக்குத்தான் பார்ப்போம். அதனால் எனக்கு இது கஷ்டமாக இருக்கவில்லை. பிளக்கின் கரியை ஒருமுறை சுவைத்துக்கூடப் பார்த்தேன். அது தேவையில்லை.

இந்த வேலைகளில் எனக்குக் கூட்டு முனியாண்டி அண்ணன். டிரையர் அடுப்புக்கு விறகு போடுகிறவர். உள்ளங்கையைக் கதவருகே காட்டியே அடுப்பின் சூட்டைச் சொல்லிவிடுவார், வெப்பமானி பிறகுதான் ஒத்துக்கொள்ளும். காரின் சைலன்சர் உக்கி விழுந்த சமயம், வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடையில் கிடைக்காது. முனியாண்டி அண்ணன் பழைய டிரையர் அடுப்பிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ஓர் இரும்புக் குழாயைத் தோளில் தூக்கி வந்தார்.

"இது உள்ளார ஆயிரம் வருசம் நெருப்பு ஓடுனாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்.

"சைலன்சர்னா சத்தத்தக் கொறைக்கணும் அண்ணே."

"மாட்டிப் பாப்போங்க. கொறைஞ்சாலும் கொறையும்."

மாட்டினோம். ஒருநாள் காலை பதினொரு மணிக்கு பெக்டரி வாசலில் ஸ்டார்ட் செய்து, வலது காலை ஒருமுறை நன்றாக அழுத்தினேன். குழாயின் நீளமோ விட்டமோ, என்ன கணக்கோ தெரியாது, கார் எங்கள் பெக்டரிச் சங்கு மாதிரியே ஊதியது. பகல் கொழுந்து நிறுப்பதற்குப் பன்னிரண்டு மணிக்கு ஊதும் அதே சங்கு. ஐந்து நிமிடத்தில் மூன்று மலையிலிருந்தும் கொழுந்துக் கூடைகள் வரிசையாக இறங்கி வர ஆரம்பித்தன. கங்காணிமார் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து ஆட்டிக்கொண்டே வந்தார்கள்.

இங்கே தோட்ட மானேஜரான எங்கள் பெரிய துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சிங்களவர், மாத்தறைப் பக்கம். தோட்டத்துரைகளுக்கான தமிழ்ப் பரீட்சைக்கு யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் படித்தவர். அதனால் மற்றத் துரைமார் 'அடே, இங்க வா' என்று பேசும் இடத்தில் இவர் கல்வெட்டு மாதிரிப் பேசுவார். சத்தம் போட மாட்டார். கேள்வி கேட்பார், பென்சிலை இரண்டு விரலுக்கு நடுவே கிடத்தியபடி பதிலுக்குக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்கு ஏச்சே பரவாயில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு வெள்ளைக் காற்சட்டையோடு பெக்டரிக்கு வந்து, முந்தின நாள் தேயிலையைக் கரண்டியால் உறிஞ்சித் துப்பி, "நன்று" அல்லது "நன்றன்று" என்பார். மூன்றாவது வார்த்தை கிடையாது.

அன்று என்னை ஒப்பீசுக்குக் கூப்பிட்டார்.

"டீமேக்கர், உமது வாகனம் முழங்கியது. தொழிலாளர் மலையிலிருந்து இறங்கினர். இது தகுமா?"

"தெரியாம நடந்துருச்சுங்க."

"மீண்டும் நிகழுமா?"

பென்சில் விரலுக்கு நடுவே கிடந்தது. நிகழாது என்று சொன்னேன். அவர் அதை நம்பாமல், வேலை நேரத்தில் தோட்ட எல்லைக்குள் அந்தக் காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று ஒரு கடிதம் டைப் அடித்துக் கையெழுத்து வாங்கினார். இன்னொரு தடவை நடந்தால் கார் இருக்கும், டீமேக்கர் வேலை இருக்காது என்று அதற்குப் பொருள்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் போயா நாளில் மட்டும்தான் ஓட்டினேன். அந்த வருடங்களில் நாட்டில் ஞாயிறு லீவு இல்லை, பௌர்ணமி, அமாவாசை என்று நிலாவைப் பார்த்து வரும் போயாதான் லீவு. என் மனைவி ஒருமுறை கூட வந்தாள். இறங்கும்போது, "அடுத்த தடவ நான் பஸ்ஸில வாறேங்க, நீங்க முன்னால போய் எனக்குக் காத்திருங்க" என்றாள்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

முனியாண்டி அண்ணனின் ஒரே மகள் சரோஜா, எங்கள் பெக்டரியில் சல்லடைப் பகுதியில் வேலை. பேசவே மாட்டாள். இரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்டது "சரிங்க" என்ற ஒரு வார்த்தை. நாலு மைல் தள்ளியிருந்த தோட்டத்து லொறி டிரைவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணம் மாப்பிள்ளை தோட்டத்துக் கோயிலில்.

"பொண்ண ஒங்க கார்லதான் கூட்டிட்டுப் போகணுங்க" என்றார் முனியாண்டி அண்ணன்.

"அண்ணே, அந்தக் கார் ஊர்வலம் போகாது. ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியுங்க. ஆனா அந்தக் கொழாய மாட்டுனது நான்தானுங்களே. எம்மக அதுல போகாம வேற எதுல போவா?"

சரி என்றுவிட்டேன்.

சிக்கல் இதுதான். கல்யாணம் வைத்த போயா ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் ராகு காலம். முகூர்த்தம் ஒன்பது ஐந்துக்கு மேல். அதனால் ஏழேகாலுக்கே பெண் வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிட வேண்டும், ஆனால் ஒன்பது மணிக்கு முன்னால் போய்ச் சேரவும் கூடாது. நாயனம், தப்பு எல்லாம் வாசித்துக்கொண்டு, வழியிலுள்ள வரிசைவீட்டு லயத்துக்கு லயம் நின்று ஆலாத்தி எடுத்து நடந்தால் நாலு மைலுக்குச் சரியாக அந்த நேரம் பிடிக்கும். பெரியவர்கள் போட்ட கணக்கில் ஒரு குறையும் இல்லை. காரைத்தான் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் கியரில் அது போகும் ஆகக் குறைந்த வேகம், ஓர் ஆள் உயிருக்குப் பயந்து ஓடும் வேகம். அதற்கும் கீழே போனால் இருமும், கரி கக்கும், அணையும். சூட்டில் அணைந்தால் ஒரு மணி நேரத்துக்கு எழும்பாது.

மூன்று நாள் முயன்றேன். ரப்பர் குழாயும் காதுமாக உட்கார்ந்தேன். திருகாணிகளை இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். பலனில்லை. கடைசியில் முனியாண்டி அண்ணன் வழி சொன்னார். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து பிரேக்கில் விடுவது, மட்டத்திலும் ஏற்றத்திலும் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் தள்ளுவது.

ஏழேகாலுக்குப் புறப்பட்டோம். பின் சீட்டில் சரோஜாவும், மடியில் நிறைகுடத்தோடு அவளுடைய அத்தையும். முன்னால் நாயனம், தப்பு, சீர்த்தட்டுக்காரப் பெண்கள். முதல் ஒரு மைல் தேர் மாதிரிப் போனது. நானே கொஞ்சம் பெருமைப்பட்டேன். பிறகு தூறல் பிடித்தது. கித்துள் மரத்து ஏற்றம் வந்தது. தள்ளியவர்களில் இருவர் வழுக்கிப் பாதையோரத் தண்ணிக் கானுக்குள் விழுந்தார்கள். அதைப் பார்த்து மற்ற எட்டுப் பேருக்கும் சிரிப்பு, சிரித்தவர்கள் கையில் பலமில்லை. கார் பின்னால் உருள ஆரம்பித்தது. அத்தை, "முருகா, குடம்" என்றார். வேறு வழியில்லை, ஸ்டார்ட் பண்ணினேன்.

அது ஊதிக்கொண்டு கிளம்பியது. நாயனக்காரர் பாதையை விட்டுக் குதித்தார். சீர்த்தட்டுகள் இரண்டு பக்கமும் விலகின. கண்ணாடியில் பார்த்தால் முனியாண்டி அண்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு தனியாப் போகுதப்பா, ஓடுங்க" என்று கத்துகிறார். அவ்வளவு பேரும் ஓடி வருகிறார்கள். அதற்கு மேல் வளைவு வந்துவிட்டது.

மாப்பிள்ளை தோட்டத்து வாசலுக்கு எட்டு மணிக்கே போய்விட்டோம். கோயில் பூசாரி இரண்டு கையையும் நீட்டிப் பாதையை மறித்தார்.

"ராகு காலமுங்க. பொண்ணு எறங்கக் கூடாது."

"எறங்கலைங்க. இப்படியே நிக்கிறோம்."

"வாசல்ல நின்னா வந்து சேந்த மாதிரித்தான். ஒம்போது மணி வரைக்கும் நீங்க வந்து சேரக் கூடாது."

"ரொம்ப நேரம் நின்னா சூட்டில அணைஞ்சிரும் பூசாரி. அணைஞ்சா வாசல்லயேதான் நிக்கும்."

"அப்ப போயிக்கிட்டே இருங்க" என்றார்.

போய்க்கொண்டே இருந்தோம். பெரிய பாதைக்கு இறங்கி, நிவித்திகலப் பக்கம் கொஞ்ச தூரம் போய், திரும்பி, மறுபடியும் போய். கடைகளில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் முதல் தடவை கும்பிட்டார்கள், இரண்டாம் தடவை பார்த்தார்கள், மூன்றாம் தடவை எழுந்து நின்றார்கள். ஒருவர், "மகுல் கெதர ஹம்புணே நெத்த?" என்று சிங்களத்தில் கேட்டது காதில் விழுந்தது. கல்யாண வீடு அகப்படவில்லையா என்று கேட்கிறார். அத்தையின் நிறைகுடம் இதற்குள் அரைக்குடம் ஆகியிருந்தது, மிச்ச அரைக்குடம் அத்தையின் சேலையில் இருந்தது.

நாலாம் தடவை போகும்போது பாதையோரத்தில் ஒரு கார் டயர் வெடித்து நின்றது. பக்கத்தில் கோட்டும் தொப்பியுமாக, கையில் பரிசுப் பொட்டலத்தோடு பெரிய துரை.

முனியாண்டி அண்ணன் அழைத்திருக்கிறார், துரை கல்யாணத்துக்கே புறப்பட்டிருக்கிறார். நிறுத்தாமல் போகவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அக்சிலேட்டரில் ஒரு காலை வைத்து உறும விட்டபடியே ஓரங்கட்டினேன்.

"இன்னைக்கு லீவு நாளுங்க. இது தோட்ட எல்லையும் இல்லீங்க" என்றேன், அவர் கேட்பதற்கு முன்னால்.

"அறிவேன்" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும், "கோயில் எதிர்த்திசையில் அன்றோ உள்ளது?" என்றார். ராகு காலத்தை விளக்கினேன். "அப்படியாயின் இன்னும் எத்துணை நேரம்?" அரை மணி என்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். என் டீமேக்கர் வேலை அந்தத் தொப்பிக்குள் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது பின் சீட்டிலிருந்து சரோஜா பேசினாள்.

"ஐயா, இது இன்னும் கொஞ்சம் வெரசாப் போகுங்களா?"

துரையைப் பார்த்தேன். அவர் பாதையைப் பார்த்தபடியே இருந்தார்.

"மணமகள் வினவுகிறாள், டீமேக்கர். விடையளியும்."

விடையளித்தேன். வயல்வெளிக்கு நடுவே ஒரு நேர்ப்பாதை உண்டு. மூன்றாம் கியரில் வைத்து மிதித்தேன். அந்த எஞ்சின் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த இடத்துக்கு வந்தது. இருமல் போனது, நடுக்கம் போனது, ஒரே நாதமாக இழுத்தது. வரம்பில் நின்ற கொக்குகள் எல்லாம் எழுந்தன. அத்தை குடத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டார். சரோஜா சிரித்தாள், வாய்விட்டு, தலைப்பூ பின்கண்ணாடியில் படபடக்க. துரையின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். பல் தெரிந்தது. அவருக்குப் பல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்கு வாசலில் நின்றோம். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக வந்தவர் நேராகக் காரின் முன்பக்கம் போய் பொனட்டைத் திறந்தார்.

"ஐயா, ரெண்டு காபரேட்டரா? இத எப்படிங்க ஒண்ணாக் கட்டுனீங்க?"

சரோஜா இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மொதல்ல தாலியக் கட்டுங்க" என்றாள்.

எங்கள் ஊர்வலம் மழையில் வழுக்கி வழுக்கி மூன்று மைல் ஓடி அப்போதுதான் வந்து விழுந்திருந்தது. நாயனக்காரர் கோயில் தூணில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார், சத்தம் வரவில்லை. தப்புகள் மழையில் நனைந்து தொய்ந்து போயிருந்தன, தட்டினால் ஈரச்சாக்கு மாதிரிக் கேட்டது. முகூர்த்தம் வந்துவிட்டது. பூசாரி தாலியைக் கையில் கொடுத்துவிட்டு, "கெட்டிமேளம்" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை, "கெட்டிமேளம்" என்றார். முனியாண்டி அண்ணன் நின்ற இடத்திலேயே அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். மேளச்சத்தம் இல்லாமல் தாலி ஏறினால், அந்த நேரம் யாராவது தும்மினாலும் அதைக் காலமெல்லாம் சொல்லிக்காட்டுவார்கள்.

பெரிய துரை என் பக்கம் திரும்பினார்.

"டீமேக்கர், உமது வாகனத்தை முழக்கும்."

கார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவரை அக்சிலேட்டரில் கால்வைத்து உட்கார வைத்திருந்தேன். நான் ஓடிப்போய் அவர் காலுக்கு மேலேயே என் காலை வைத்து அழுத்தினேன். அப்படி ஒரு கெட்டிமேளம் அந்தப் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. மூன்று முடிச்சும் விழும் வரைக்கும் காலை எடுக்கவில்லை. கூட்டாளி ஒரு வாரம் நொண்டினார்.

ஒரு விளைவை யாரும் எதிர்பார்க்கவில்லை. லீவு நாளில் ஒரே இடத்திலிருந்து இப்படி நீளமாகச் சங்கு ஊதினால் பெக்டரியில் நெருப்பு என்று அர்த்தம். சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்தெல்லாம் வாளியும் தண்ணீருமாக ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். விஷயம் தெரிந்ததும் போகவில்லை, சாப்பிட உட்கார்ந்தார்கள். மூன்று தடவை சோறு வடிக்க வேண்டியதாயிற்று. கொண்டுவந்த தண்ணீர் அதற்கு உதவியது.

மறுநாள் காலை துரை பெக்டரிக்கு வந்தார். தேயிலையை உறிஞ்சினார், துப்பினார், "நன்று" என்றார். போகாமல் நின்றார். பென்சில் விரலுக்கு நடுவே வந்தது.

"அடுத்த போயா தினத்தில் யான் இரத்தினபுரி செல்ல வேண்டியுள்ளது. உமது வாகனத்தில் இடமுண்டோ?"

அவரிடம் நல்ல கார் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அதன்பின் அவர் மாற்றலாகிப் போகும் வரைக்கும் அநேகமாக ஒவ்வொரு போயாவிலும் தொப்பிக்கு நாடா கட்டிக்கொண்டு என் முன் சீட்டில் இருந்தார். தடைக் கடிதம் மட்டும் கடைசி வரை ரத்தாகவில்லை. விதி விதிதான் அவருக்கு. சரோஜா கணவரிடம் லொறி ஓட்டப் பழகிக்கொண்டாள். முதல் நாளே பாதி வழியில் கணவர் இறங்கி நடந்து வந்ததாகக் கேள்வி.

எழுபதுகளில் பெற்றோலும் அருகி, டயரும் கிடைக்காமல் போனது. பத்து வருடம் வைத்திருந்த காரை இரத்தினபுரி மாணிக்க வியாபாரி ஹனிபா நானாவுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அவரைச் சந்தையில் கண்டபோது கார் எப்படி என்று கேட்டேன்.

"கார் இல்ல மாஸ்டர். எஞ்சின் மட்டுந்தான் ஈக்கிது. வந்து பாருங்கோ" என்றார்.

வயலுக்கு நடுவே ஒரு மாணிக்கக் குழி. விளிம்பில் நாலு மரக்கட்டைக்கு மேல் என் எஞ்சின், குழியிலிருந்து தண்ணீர் இறைக்கும் பம்புடன் பூட்டியிருந்தது. காலையில் முழு வேகத்தில் திறந்து விட்டால் பின்னேரம் வரைக்கும் அப்படியே ஓடுமாம். ஒரு கியர் இல்லை, ஒரு வளைவு இல்லை, மெதுவாகப் போகச் சொல்ல ஒரு மனிதர் இல்லை. ஓர் இருமல் கூட இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குழிகளின் தண்ணீரையும் சேர்த்து இழுத்துவிடுவதாக இரண்டு வழக்கு இருக்கிறதென்று ஹனிபா நானா பெருமையோடு சொன்னார்.

கண்ணில் ஏதோ ஈரம். குழித் தண்ணீர் தெறித்திருக்கலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கடைசிக்கு முந்தின சீட் கிடைத்தது. கிழட்டு பஸ், ஏற்றத்தில் முக்கி முக்கி ஏறியது. நான் வெளியே பார்த்துக்கொண்டு அந்தச் சத்தத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்த அம்மா மெல்லத் திரும்பினார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஏத்தம் முடிஞ்சிருச்சு. எம் பை மேலருந்து காலை எடுத்தீங்கன்னா மிச்சத் தக்காளியாவது வீட்டுக்குப் போகும்."